மேசைக்கு மேலே ஒரு கமரா

போன மாதம் ஒரு பின்னேரம், எங்கள் வாசிப்பு அறைக்கு அயலில் இருக்கிற மாமி ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். இரண்டு பக்கம், முழுக்கச் சிங்களம். "பிள்ளையள், இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. காசு ஏதும் கட்டச் சொல்லி வந்திருக்கோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தத்தில் எழுதப்பட்டது 1987இல். அதற்குப் பிறகு பிறந்த எங்களுக்கும் இப்படியான கடிதங்கள் புதிதில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த நண்பர் அன்றைக்கு வரவில்லை. ஆகவே எங்களில் ஒருவர் போனை எடுத்துக் கடிதத்துக்கு மேலே பிடித்தார். இரண்டு மூன்று விநாடியில் திரையில் சிங்கள எழுத்துகள் மறைந்து அதே வரிகளில் தமிழ் எழுத்துகள் வந்தன. நல்ல தமிழ் என்று சொல்லமுடியாது. ஆனாலும் எந்தத் திகதிக்கு வரவேண்டும், என்னென்ன பத்திரங்களைக் கொண்டுவரவேண்டும் என்பது விளங்கியது. காசு கட்டத் தேவையில்லை.

மாமிக்கு நிம்மதி. எழும்பிப் போனவர் வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "அது சரி, நீங்கள் எடுத்த படம் இப்ப எங்க கிடக்கு?"

கடிதத்தில் அவருடைய அடையாள அட்டை இலக்கம் இருந்தது. காணியின் விபரம் இருந்தது. "அது படம் எடுக்கேல்ல மாமி, சும்மா மொழிபெயர்க்கிறது மட்டும்தான்" என்று ஒருவர் சொன்னார். சொன்னவருக்கே அது சரியோ பிழையோ தெரியாது. மற்ற எங்களுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் செய்கிற ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில கிழமைகள் தேடி வாசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் கணினியிடம் போவதா, கணினி எங்களிடம் வருவதா?

மாமியின் கடிதத்துக்கு மேலே போனைப் பிடித்தபோது நாங்கள் ஒரு எழுத்தையும் தட்டச்சு செய்யவில்லை. அந்தக் கடிதமே கட்டளையாக இருந்தது. சுற்றியிருக்கிற ஒரு சாதாரணப் பொருளைக் கமரா பார்க்கிறது, பார்த்ததை வைத்து இயந்திரம் வேலை செய்கிறது. கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்வது, முகத்தைக் காட்டிப் போனைத் திறப்பது, கையை அசைத்து ரீவியில் விளையாடுவது எல்லாம் இந்த வகைதான்.

வழமையான கணினியின் வரலாறு வேறு திசையில் போனது. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவான அல்ரோ கணினியும் 1981இல் சந்தைக்கு வந்த ஸ்டார் கணினியும் திரையை ஒரு அலுவலக மேசை மாதிரி ஆக்கின. கோப்பு, கோப்புறை என்று நாங்கள் இன்றைக்கும் திரையில் பார்க்கிறவை அந்தக் காலத்துப் பாவனைகள்தான். இது பெரிய சாதனை, மறுக்கமுடியாது. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. உண்மையான மேசையை விட்டுவிட்டுத் திரைக்குள் இருக்கிற மேசைக்கு மனிதர் போகவேண்டும். விசைப்பலகையைப் பழகவேண்டும், ஆங்கிலம் பழகவேண்டும், குனிந்து ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

ஏன் நாங்கள் அங்கே போகவேண்டும், அது இங்கே வரட்டுமே என்று சிலர் நினைத்தார்கள். கணினிக்குக் கண் வைத்த கதை அவர்களோடு தொடங்குகிறது.

நிழலோடு விளையாடியவர்

முதலில் சொல்லவேண்டியவர் மைரன் குரூகர் என்ற அமெரிக்கர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர், கலையிலும் ஆர்வம் உள்ளவர். 1970இல் அங்கே 'மெற்றாபிளே' என்று ஒரு காட்சியை அமைத்தார். காட்சிக்கூடத்தில் நிற்கிற ஆட்களைக் கமரா படமெடுக்கும். ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியிருந்த கணினி நிலையத்தில் குரூகர் இருந்துகொண்டு அந்தப் படத்துக்கு மேலே கோடு கீறுவார். வந்தவர்கள் தங்களுடைய உருவத்தைச் சுற்றிக் கோடு ஓடுவதைப் பார்த்து அதோடு விளையாடத் தொடங்கினார்கள்.

அந்த வேலைக்கிடையில்தான் குரூகருக்கு ஒரு விசயம் பிடிபட்டது. இரண்டு இடத்துக்கும் இடையில் தரவு ஒழுங்காகப் போகவில்லை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க அவரும் நண்பரும் இரண்டு பக்கத்துக் கமராப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கையால் சுட்டிக்காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் குரூகரின் கையின் படம் நண்பருடைய கையின் படத்தில் பட்டபோது, அவர் உண்மையாகவே தொட்டுவிட்ட மாதிரிக் கையை விலக்கிக்கொண்டாராம். இருவருக்கும் இடையில் ஒரு மைல். படம்தானே என்று மனம் எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுடைய படம் எங்களுடைய உடம்பின் ஒரு பகுதி மாதிரி.

இதிலிருந்து பிறந்ததுதான் 'வீடியோபிளேஸ்'. 1975இல் மில்வோக்கி நகரின் கலைக்கூடத்தில் அது முதலில் காட்டப்பட்டது. பின்னால் பல வருடங்கள் அதை அவர் வளர்த்துக்கொண்டே இருந்தார். வெளிச்சமான பின்சுவருக்கு முன்னால் ஒருவர் நிற்பார், கமராவுக்கு அவருடைய நிழலுருவம் மட்டும் தெரியும். ஒரு விரலை நீட்டினால் திரையில் கோடு கீறலாம், ஐந்து விரலையும் விரித்தால் அழியும். 'கிறிற்றர்' என்ற ஒரு குட்டி உருவம் ஆளின் நிழலைப் பின்தொடர்ந்து வந்து, உடம்பில் ஏறி, தலை உச்சிக்கு வந்ததும் ஆடும். அந்தக் காலத்துக் கணினிகளுக்குக் கமராப் படத்தை உடனுக்குடன் விளங்கிக்கொள்கிற வேகம் இல்லை. அதற்கென்றே தனிச் சுற்றுகளைக் குரூகரும் கூட்டாளிகளும் செய்தார்கள்.

குரூகர் பிடிவாதமாக நின்ற ஒரு விசயம் உண்டு. ஆட்களின் தலையில் கருவியை மாட்டக்கூடாது, கையுறை போடவிடக்கூடாது. மனிதர் மனிதராகவே வந்து நிற்கட்டும், விளங்கிக்கொள்கிற பாடு இயந்திரத்துக்கு. கமராவை அவர் இதற்காகத்தான் எடுத்தார். அவருடைய கமராவுக்கு நீங்கள் யார் என்று தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரு நிழலும் அதன் அசைவும்தான்.

வெளிச்சக் கட்டம்

குரூகர் வேண்டியது விளையாட்டு. வேலைக்குரிய மேசைக்கு இதே எண்ணத்தைக் கொண்டுவந்தவர் பியர் வெல்னர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் 1991அளவில் அவர் செய்தது 'டிஜிற்றல் டெஸ்க்'. மேலே சொன்ன அல்ரோவின் நிறுவனமே இதையும் நடத்தியது என்பது கவனிக்கவேண்டிய விசயம். முதலாவது தலைமுறை மேசையைத் திரைக்குள் கொண்டுபோனது. வெல்னர் அதைத் திருப்பிப்போட்டார்: மேசை மேசையாகவே இருக்கட்டும், கணினி மேசைக்கு வரட்டும்.

அமைப்பு எளிமையானது. ஒரு சாதாரண மேசை. அதற்கு நேர் மேலே ஒரு கமராவும் ஒரு புரொஜெக்டரும். மேசையில் கணக்கு அச்சிட்ட ஒரு தாள் கிடக்கிறது. புரொஜெக்டர் அதற்குப் பக்கத்தில் ஒரு கணிப்பானை வெளிச்சத்தால் வரைகிறது. தாளில் உள்ள ஒரு எண்ணை விரலால் சுட்டினால் கமரா அதை வாசிக்கும், எண் கணிப்பானுக்குள் போய்விடும். பிறகு அந்த வெளிச்சப் பொத்தானை விரலால் தட்டினால் கூட்டல் நடக்கும். விரல் மேசையில் பட்டதா இல்லையா என்று மேலேயிருந்து பார்க்கிற கமராவுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே தட்டுகிற சத்தத்தைக் கேட்க மேசைக்குக் கீழே ஒரு மைக்கை வைத்தார். கமராவின் துல்லியமும் காணாது. முழு மேசையையும் பார்க்க ஒன்று, எழுத்தைக் கிட்டவாக வாசிக்க இன்னொன்று என்று இரண்டு கமரா தேவைப்பட்டது.

இதே மேசையில் அவர்கள் செய்துபார்த்த இன்னொரு விசயம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிரெஞ்சு மொழித் தாள் ஒன்றை வைத்து, தெரியாத சொல்லை விரலால் சுட்டினால் ஆங்கில அர்த்தத்தை மேசை காட்டும். அதாவது மாமியின் கடிதத்துக்கு நாங்கள் செய்ததை முப்பது வருடங்களுக்கு முன்பே ஒரு மேசை செய்திருக்கிறது.

வெல்னரின் மேசையில் ஒரு சின்ன விசயம். நீங்கள் எண்ணைச் சுட்டும்போது உங்கள் விரல் நுனிக்கு முன்னால் ஒரு வெளிச்சக் கட்டம் விழும். "இவ்வளவு இடத்தைத்தான் நான் வாசிக்கப்போகிறேன்" என்று இயந்திரம் சொல்கிற மாதிரி. கட்டம் பிழையான இடத்தில் விழுந்தால் விரலை நகர்த்தலாம், வேண்டாம் என்றால் கையை எடுக்கலாம். கமரா எதைப் பார்க்கிறது என்பது அதற்கு முன்னால் இருக்கிறவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் பிற்பகுதியில் அது எங்கே காணாமல் போகிறது என்பதுதான் எங்களுடைய கேள்வி.

மனிதர் வாசிக்க முடியாத எழுத்து

அடுத்த கட்டம் ஜப்பானில் நடந்தது. 1995இல் டோக்கியோவில் சோனியின் ஆய்வுகூடத்தில் ஜுன் ரெக்கிமோட்டோ 'நவிகாம்' என்ற கருவியைச் செய்தார். கையில் பிடிக்கிற சின்னத் திரை, அதோடு ஒரு கமரா. கணிப்பு வேலையைச் செய்த பெரிய கணினி ஒரு வயரின் மறுமுனையில் இருந்தது. கதவு, சுவர்க் கலண்டர் போன்ற பொருள்களில் சிவப்பும் நீலமுமான கோடுகள் உள்ள ஒரு பட்டியை ஒட்டிவிடுவார். கருவியை அந்தப் பக்கம் பிடித்தால் பொருளுக்குரிய தகவல் படத்துக்கு மேலே தெரியும். இன்று நாங்கள் போனைப் பிடிக்கிற விதம் ஏறத்தாழ இதுதான்.

வெல்னரின் தாளுக்கும் ரெக்கிமோட்டோவின் பட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தாளில் இருந்த எண்ணை மனிதரும் வாசிக்கலாம், இயந்திரமும் வாசிக்கலாம். பட்டியை இயந்திரம் மட்டும்தான் வாசிக்கும். காரணம் விளங்கக்கூடியது. எழுத்தை வாசிப்பது அந்தக் கணினிகளுக்குக் கஷ்டம், கோட்டை வாசிப்பது சுகம். ஆனால் எங்களுடைய கண்ணுக்கு ஒன்றும் சொல்லாத அடையாளங்கள் எங்களுடைய சுவரிலும் கதவிலும் ஏறத் தொடங்கிய காலம் இதுதான்.

அவற்றில் உலகத்தை வென்றது ஒரு வருடம் முந்தியே பிறந்திருந்தது. 1994இல் ரொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்கிற டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹரா உருவாக்கிய கியூஆர் குறியீடு. பழைய பார்கோட்டில் கொஞ்ச எழுத்துகள்தான் அடங்கும். ஆகவே ஒரு பெட்டியில் பல பார்கோட்டுகளை ஒட்டி, தொழிலாளர்கள் நாள் முழுக்க ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து களைத்துப்போனார்கள். ஹரா மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பும் வெள்ளையுமான காய்களை வைத்து 'கோ' விளையாடுகிறவர். அந்தப் பலகையிலிருந்து கட்டங்களுக்கான யோசனை வந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் குறியீட்டை இயந்திரம் உடனே கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்காக மூன்று மூலையிலும் மூன்று சதுரம் வைத்தார். வேறு அச்சுகளோடு மாறுபடக்கூடாதே. துண்டுப்பிரசுரம், சஞ்சிகை, காட்போட் பெட்டி என்று அகப்பட்டதையெல்லாம் ஆராய்ந்து, அச்சில் மிக அரிதாக வருகிற கறுப்பு வெள்ளை விகிதத்தைத் தேடினார்கள். கிடைத்தது 1:1:3:1:1. இன்று எந்தக் கியூஆரை எடுத்தாலும் மூலைச் சதுரத்தின் நடுவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், இந்த விகிதம் இருக்கும். குறியீட்டில் 30 வீதம் வரை ஊத்தைபட்டாலும் கிழிந்தாலும் வாசிக்கக்கூடிய வசதியும் உண்டு. காப்புரிமை கையில் இருந்தும் அதைக் காட்டிக் காசு கேட்பதில்லை என்று நிறுவனம் முடிவெடுத்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

தொழிலாளியின் களைப்பைக் குறைக்கப் பிறந்த ஒரு பொருள், 2022இல் எங்களுடைய வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்த நாட்கள். யூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் இலக்கங்களையும் கொடுத்துப் பதிந்தால் ஒரு கியூஆர் கிடைக்கும். பெற்றோல் செட்டில் நிற்கிறவர் தன்னுடைய போனை அதற்கு மேலே பிடிப்பார். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். போனில் படமாக வைத்திருந்தவர்கள், அச்சடித்து லமினேற் பண்ணிக் கழுத்தில் போட்டவர்கள், சைக்கிள் பையில் மடித்து வைத்தவர்கள் என்று எல்லா வகையும் பார்த்தோம்.

நேர்மையாகச் சொன்னால் அது உதவியது. வரிசை குறைந்தது, ஒருவரே பல தரம் அடித்துக் கானில் நிரப்புவது குறைந்தது. 2023 செப்ரெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டபோது கனபேர் அதை மறந்தும் விட்டார்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்காகத் திரும்ப யோசித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. குரூகரின் அறையில் மனிதர் கமராவுக்கு முன்னால் நின்று கட்டளை கொடுத்தார். வெல்னரின் மேசையிலும் அப்படித்தான். பெற்றோல் செட்டில் கமரா வேறொருவரின் கையில், நாங்கள் அதற்கு முன்னால் நீட்டப்பட்ட பொருள். எங்களுடைய கியூஆரில் என்ன எழுதியிருக்கு என்று எங்களாலேயே வாசிக்கமுடியாது. கமராவும் படமும் மாறவில்லை, யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது மாறிவிட்டது.

படம் வெளிநாடு போன கதை

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். 2009 டிசம்பரில் கூகிள் 'கொகிள்ஸ்' என்ற செயலியை வெளியிட்டது. ஒரு கட்டடத்தையோ புத்தக அட்டையையோ படமெடுத்தால் அது என்ன என்று சொல்லும். படம் நிறுவனத்தின் சேர்வருக்குப் போய், அங்கேயிருக்கிற கணினிகள் பார்த்து, விடை மட்டும் போனுக்குத் திரும்பும். ஒரு வருடம் கழித்து, 2010 டிசம்பரில், 'வேர்ட் லென்ஸ்' என்று இன்னொரு செயலி ஐபோனுக்கு வந்தது. ஸ்பானிய மொழிப் பலகைக்கு முன்னால் பிடித்தால் அதே இடத்தில் ஆங்கிலம் தெரியும். இதைச் செய்தது ஒரு மிகச் சிறிய நிறுவனம். அது இணையத்தையே தொடவில்லை. வாசிப்பது, மொழிபெயர்ப்பது, திரும்ப எழுதுவது எல்லாம் போனுக்குள்ளேயே.

ஒரே காலத்தில் இரண்டு பாதைகள். ஒன்றில் படம் வெளியே போய் வருகிறது, மற்றதில் எடுத்த இடத்திலேயே முடிகிறது. 2014இல் கூகிள் 'வேர்ட் லென்ஸ்' நிறுவனத்தை வாங்கி அடுத்த வருடம் தன்னுடைய மொழிபெயர்ப்புச் செயலிக்குள் சேர்த்தது. 2017இல் 'கொகிள்ஸ்' இடத்துக்குக் 'கூகிள் லென்ஸ்' வந்தது. ஆக, இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிற இந்த வகைச் செயலிகளில் இரண்டு பாதையும் பின்னிக்கிடக்கின்றன. மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சில வேலைகள் போனுக்குள்ளேயே நடக்கும். இல்லையென்றால் படம் வெளியே போகும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வெல்னரின் வெளிச்சக் கட்டம் காணாமல் போன இடம் இதுதான்.

வீட்டு அறைக்குள்ளும் இதே கதை நடந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசொப்ட் 'கினெக்ட்' கமராவை எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தெளித்து, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், கை எங்கே கால் எங்கே என்று கணிக்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. குரூகர் கண்ட கனவு அப்படியே கடைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் 2013 மே மாதம் அடுத்த எக்ஸ்பொக்ஸை அறிவித்தபோது, கினெக்ட் எப்போதும் இணைக்கப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கருவி வேலை செய்யாது என்றார்கள். அடுத்த மாதமே அமெரிக்க உளவு நிறுவனத்தின் கண்காணிப்பு வேலைகளை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தினார். எங்களுடைய விறாந்தையில் எப்போதும் விழித்திருக்கிற ஒரு கமரா எதற்கு என்று ஆட்கள் கேட்டார்கள். ஓகஸ்ட்டில் நிறுவனம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. பாவனையாளர்கள் சத்தம் போட்டால் இயந்திரத்தின் வடிவமும் மாறும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

எங்களுடைய ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனம் இருக்கிறது. எங்கள் பெற்றோரின் தலைமுறைக்குக் கமரா என்றால் கலியாணவீடு ஒருபக்கம். மற்றப்பக்கம், குடும்பத்தை வாசலில் வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்துப் பதிந்துகொண்டு போன காலம். அந்தப் படங்கள் எங்கே போயின, யார் பார்த்தார்கள், இன்னும் இருக்கா என்று ஒருவருக்கும் தெரியாது. "படம் எங்க கிடக்கு" என்று மாமி கேட்டது தொழில்நுட்பம் தெரியாத ஒருவரின் அறியாமை இல்லை. அது அனுபவத்திலிருந்து வந்த கேள்வி. நாங்கள்தான் அதை உடனே விளங்கிக்கொள்ளவில்லை.

அப்படியானால் கமராவை மூடிவிடுவதா?

இவ்வளவும் எழுதிவிட்டு, கமராவை நம்பாதீர்கள் என்று முடிப்பது சுகம். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரியில் ஜேம்ஸ் கிப்ஸ், மார்கிரிட் பெற்கே என்ற இருவர் 2000அளவில் 'கமரா மவுஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கை கால் அசைக்கமுடியாத, ஆனால் தலையைக் கொஞ்சம் அசைக்கக்கூடியவர்களுக்கானது. சாதாரணக் கமரா ஒன்று மூக்கு நுனி மாதிரி முகத்தின் ஒரு புள்ளியைப் பின்தொடரும், தலை போகிற பக்கம் திரையின் அம்பும் போகும். ஒரு இடத்தில் கொஞ்சநேரம் நிறுத்தினால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். 2007இலிருந்து அதை எவரும் இலவசமாக இறக்கலாம். 2024இல் ஐபோனிலும் கண் அசைவால் இயக்குகிற வசதி வந்தது, அந்தக் கணிப்பும் போனுக்குள்ளேயே நடக்கிறது. யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிதத்தைத் தாங்களே எழுதுவதற்கு இது ஒரு மலிவான வழி. கமராவை மூடு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

வெல்னரின் மேசையும் செத்துவிடவில்லை. அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரில் பிரெற் விக்டர் என்பவரும் கூட்டாளிகளும் 'டைனமிக்லாண்ட்' என்று ஒரு இடத்தை நடத்தினார்கள். இலாப நோக்கமில்லாத முயற்சி. அங்கே ஒரு முழு அறையே கணினி. கூரையில் கமராக்களும் புரொஜெக்டர்களும். மேசையில் தாள்கள், ஒவ்வொரு தாளின் மூலையிலும் நிறப் புள்ளிகள். தாளை மேசையில் வைத்தால் அதிலுள்ள நிரல் இயங்கும், எடுத்தால் நிற்கும். முக்கியமானது என்னவென்றால், அந்த நிரல் அதே தாளில் மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்கிறவர் தாளை எடுத்து வாசிக்கலாம், மாற்றி எழுதலாம். திரைக்கு முன்னால் தனித்தனியாகக் குனிந்திருக்காமல் பலபேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று செய்யலாம். வசதியும் வெளிப்படையும் ஒன்றாக இருக்கமுடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஐம்பது வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால், சுற்றியிருக்கிற உலகத்தைக் கமராவால் பார்த்து இயங்குகிற கணினி தொடக்கத்திலிருந்தே வேவு பார்க்கிற இயந்திரமாக வந்ததில்லை. விசைப்பலகையும் ஆங்கிலமும் தெரியாதவரும் தன்னுடைய கையாலும் கடதாசியாலும் கணினியைப் பாவிக்கட்டும் என்ற எண்ணத்தில் வந்தது. இடையில் படம் கையை விட்டுப் போனது. போகாமல் செய்யவும் முடியும் என்பதை 'வேர்ட் லென்ஸ்' 2010இலேயே காட்டிவிட்டது. ஆகவே இது இயந்திரத்தால் முடியுமா முடியாதா என்ற பிரச்சினை இல்லை, செய்கிறவர்கள் எதைத் தெரிவு செய்கிறார்கள் என்ற பிரச்சினை. சிங்களமும் தமிழும் மாதிரியான மொழிகளுக்குப் போனுக்குள்ளேயே முடிகிற நல்ல வாசிப்பு மென்பொருள் வேண்டும் என்று கேட்பதும், அதைச் செய்வதும் எங்களுடைய வேலையாகவும் இருக்கலாம். கணினி படிக்கிற நண்பர்கள் இதை வாசித்தால் யோசியுங்கள்.

கடைசியாக ஒரு பரிசோதனை. மாமியின் கடிதத்தில் இருந்ததைப் போல சிங்களத்தில் ஒரு பந்தியை நாங்களே அச்சடித்து எடுத்தோம். போனை விமானப் பயண நிலையில் போட்டு இணையத்தைத் துண்டித்தோம். பிறகு அதே செயலியை அதற்கு மேலே பிடித்தோம். ஒன்றும் வரவில்லை. இணையத்தைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்தது. நீங்களும் உங்கள் போனில் செய்து பாருங்கள், ஒரு நிமிடம் கூட எடுக்காது.

போன ஞாயிறு மாமியின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னோம். "மாமி, அண்டைக்கு நாங்கள் சொன்னது பிழை. படம் வெளியில போய்த்தான் வந்திருக்கு." அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் அப்பிடித்தான் நினைச்சனான். சரி, அடுத்த முறை இலக்கத்தைக் கையால பொத்திக்கொண்டு பிடியுங்கோ."

வெளிச்சக் கட்டம் இல்லாத இடத்தில் மாமியின் கைதான் கட்டம். இப்போது எங்கள் வாசிப்பு அறையில் கடிதம் கொண்டுவருகிற எல்லாருக்கும் முதலில் அதைத்தான் சொல்கிறோம். மறைக்கவேண்டியதைப் பொத்துங்கள், பிறகு பிடிப்போம்.